செய்திப் பரிமாற்றத்துக்கு ஒரு பேஸ் கிளாஸ்: ஐந்து வழிகளில் எது நமக்கு?

"அண்ணே, பேஸ் கிளாஸ்ல ஹேண்டில்மெசேஜ்னு ஒரே ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன் போதும்ணே. எல்லாச் செய்தியும் அது வழியா வரட்டும்."

"அதெல்லாம் பழைய காலம்ணே. சிக்னல், ஸ்லாட்டுன்னு வச்சா தப்பைக் கம்பைலரே பிடிச்சுக் குடுத்துரும்."

எங்களோடு வேலை பார்க்கும் இரண்டு தம்பிகளுக்குள் மூன்று நாளாக இதே வழக்கு: நிரலின் துண்டுகளான ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேலையை, மற்றக் கிளாஸ்கள் எல்லாம் பிறக்கும் தாய் கிளாஸான பேஸ் கிளாஸில் எப்படி வைப்பது? (விர்ச்சுவல் ஃபங்ஷன் என்பது பிள்ளை கிளாஸ் தன் வழிக்கு மாற்றி எழுதிக்கொள்ளக்கூடியது, அதாவது ஓவர்ரைடு செய்யக்கூடியது. சிக்னல் என்பது 'இது நடந்தது' என்ற அறிவிப்பு, ஸ்லாட் என்பது அதைக் கேட்டு ஓடும் ஃபங்ஷன்.) ஒருவர் ஆண்ட்ராய்டில் கை பழகியவர், மற்றவர் கியூட்டியில் (Qt, திரையுள்ள நிரல்கள் எழுத உதவும் சி++ நூலகம்). இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் முடிவு வரவில்லை. இதே இடத்தில் சிக்கி நிற்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், அன்று வெள்ளைப் பலகையில் கிறுக்கியதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வேலை இதுதான். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இருப்பது போன்ற கமிஷன் கடைகளுக்கு எடை, பில், கணக்கு மூன்றும் சேர்ந்த மென்பொருள், சி++ மொழியில். விவசாயி இருட்டோடு வந்து மூட்டையை இறக்குவார். எலக்ட்ரானிக் தராசு சீரியல் கேபிள் வழியாக எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கினால் அந்த எடையும் அந்த நேரத்து விலையும் சேர்ந்து சீட்டாகும், பிரிண்டர் அடிக்கும், விவசாயி பெயரில் வரவு ஏறும். மல்லிகை விலை விடியும்போது ஒன்று, வெயில் ஏறும்போது ஒன்று. முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஆக தராசு, திரை, விலை, பில், பிரிண்டர், கணக்கு என்று ஆறு ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். நாளைக்குப் பரவை காய்கறி மார்க்கெட்டுக்கும் இதே எலும்புக்கூட்டைப் போட ஆசை. அதனால்தான் ஃப்ரேம்வொர்க், அதனால்தான் பேஸ் கிளாஸ்.

## முதலில் அளவுகோல்

ஒருவர் வேகத்தை அளந்துகொண்டிருந்தார், இன்னொருவர் எழுத வேண்டிய வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு தராசு இருந்தால் எடை எப்படி ஒத்துப்போகும்? நான் அளப்பது இந்த வரிசையில்:

ஆயுள். செய்தி போய்ச் சேரும்போது பெறுபவர் உயிரோடு இருக்கிறாரா? இல்லையென்றால் என்ன நடக்கும்? நான் பார்த்த செய்திப் பரிமாற்றக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டதால் வந்தவை.

திரெட். ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைச்சரம் இது. தராசைப் படிப்பது ஒரு திரெட், திரை இன்னொரு திரெட். எல்லை தாண்டும் செய்தியை யார், எங்கே நின்று இயக்குகிறார்?

தவறு தெரியும் நேரம். கம்பைலரில் (எழுதிய நிரலை ஓட்டுவதற்கு முன் சரிபார்த்து மாற்றித் தரும் கருவி) தெரிந்தால் நமக்கு இரண்டு நிமிடம். காலை ஐந்து மணிக்குக் கடையில் தெரிந்தால் நமக்கு ஃபோன்.

பரம்பரைச் சுமை. பேச வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு கிளாஸும் ஒரே மூதாதைக்குப் பிள்ளையாகப் பிறக்க வேண்டுமா?

தடம். ஆறு மாதம் கழித்து வரும் புது ஆள், 'இந்தச் செய்தியை யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார்' என்று தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

வேகத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்லாட்டுகளோடு இணைத்த சிக்னலை அனுப்புவது, விர்ச்சுவல் அல்லாத ஃபங்ஷனை நேராக அழைப்பதைவிட ஏறக்குறைய 10 மடங்கு மெதுவானது என்று கியூட்டியின் ஆவணமே சொல்கிறது. கேட்கப் பயமாக இருக்கும். எங்கள் தராசு நொடிக்குப் பத்துப் பதினைந்து எண் அனுப்புகிறது. அந்த வித்தியாசத்தை எந்த மனிதக் கண்ணும் பார்க்காது. நொடிக்கு லட்சக்கணக்கில் செய்தி ஓடும் இடத்தில் மட்டும் இதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

அவசரமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஐந்து வழிகளும் ஒரே பார்வையில் (விளக்கம் கீழே ஒவ்வொன்றாக வரும்):

| வழி | பெறுபவர் இறந்துபோனால் | திரெட் தாண்டல் | தவறு எப்போது தெரியும் | பேஸ் கிளாஸ் |
|---|---|---|---|---|
| ஒரே வாசல் | நாமே கவனிக்க வேண்டும் | சுலபம் | ஓடும்போது | கட்டாயம் |
| கியூட்டி பாணி சிக்னல் | இணைப்பு தானாக அறும் (லாம்டா விதிவிலக்கு) | உள்ளேயே உண்டு | பெரும்பாலும் கம்பைலரில் | கட்டாயம் |
| டெம்ப்ளேட் சிக்னல் | நாம் டோக்கன் வைத்தால் அறும் | நாமே எழுத வேண்டும் | கம்பைலரில் | வேண்டாம் |
| பஸ் | பதிவை நீக்க மறந்தால் ஆபத்து | பஸ்ஸைப் பொறுத்தது | பெரும்பாலும் ஓடும்போது | வேண்டாம் |
| ஆளுக்கொரு தபால்பெட்டி | செய்தி பெட்டியோடு போகும் | இதற்காகவே பிறந்தது | எழுதுவதைப் பொறுத்தது | வழக்கமாக உண்டு |

## ஒரே வாசல்: ஹேண்டில்மெசேஜ்

பேஸ் கிளாஸில் ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன். செய்தி என்பது ஒரு குறியீட்டு எண், கூடவே கொஞ்சம் தரவு. பிள்ளை கிளாஸ் அதை வாங்கி, ஸ்விட்ச் போட்டு (எண்ணுக்கு ஏற்ப வேலையைப் பிரித்து), தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டு, தெரியாததைப் பெற்றோரிடம் தள்ளிவிடும். பிஓஎஸ் (BeOS) என்ற பழைய இயங்குதளத்தின் பிஹேண்ட்லர் இப்படித்தான். ஆண்ட்ராய்டின் ஹேண்ட்லரும் இப்படித்தான்: 'வாட்' என்று ஒரு எண், 'ஆர்க்1', 'ஆர்க்2' என்று இரண்டு எண்கள், 'ஆப்ஜ்' என்று எதையும் போடக்கூடிய ஒரு பை.

இதன் பெரிய பலம், செய்தியே ஒரு பொருளாக இருப்பது. அதை வரிசையில் போடலாம், கோப்பில் எழுதலாம், நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பலாம், நேற்றுக் காலை வந்த செய்திகளை இன்று மறுபடி ஓட்டிப் பார்த்துக் கோளாறைத் தேடலாம். ஃபங்ஷன் அழைப்பை இப்படிப் பையில் போட்டு எடுத்துப்போக முடியாது. எழுதவும் ஐம்பது வரிக்கு மேல் ஆகாது.

செலவு பின்னால் வரும். முதலில் வகை தொலைகிறது. 'எடை வந்தது' என்ற எண்ணோடு கிராமில் வருகிறதா, கிலோவில் வருகிறதா, முழு எண்ணா, தசமமா என்பது அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே வாய்மொழி ஒப்பந்தம். அப்புறம், பெற்றோரிடம் தள்ளிவிடும் அந்த ஒரு வரியை யாராவது மறந்துவிட்டால், மேலே உள்ள கிளாஸின் வேலை சத்தமில்லாமல் நின்றுபோகும். ஜாவா உலகம் இதை நேரில் அனுபவித்தது. ஜாவாவின் முதல் திரை நூலகமான ஏடபிள்யூடி 1.0-இல் ஒரு பொத்தானின் நிகழ்வைப் பிடிக்கவேண்டுமென்றால் காம்பொனென்ட் ஒன்றிலிருந்து கிளாஸ் பிறப்பித்து ஃபங்ஷனை ஓவர்ரைடு செய்ய வேண்டியிருந்தது. 1997-இல் வந்த ஜேடிகே 1.1 (ஜாவாவின் அடுத்த பதிப்பு), கேட்க விரும்புபவர் தன்னைப் பதிந்துகொள்ளும் லிசனர் முறைக்கு மாறியது.

வாசல் ஒன்றாக இருக்கட்டும், ஸ்விட்ச்சுக்குப் பதில் அட்டவணை வைப்போம் என்பது விண்டோஸ் நிரல்களுக்கான மைக்ரோசாஃப்ட்டின் சி++ நூலகமான எம்எஃப்சி எடுத்த வழி. 1992-இல் வந்தது. விண்டோஸில் செய்திகள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன் வைத்தால் ஒவ்வொரு பிள்ளை கிளாஸும் அத்தனை பெரிய விர்ச்சுவல் அட்டவணையைச் சுமக்க வேண்டும். அன்றைய மெமரியில் அது கட்டுப்படியாகாது. அதனால் மேக்ரோ (முழு வரிகளாக விரியும் சுருக்கெழுத்து) வைத்து, தனக்கு வேண்டிய செய்திகளை மட்டும் கிளாஸ் பதிந்துகொள்ளும்.

இதில் ஒரு பழைய வடு எனக்கு உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ 6-இல் 'ஆன் மெசேஜ்' மேக்ரோ, நம் ஃபங்ஷனைச் சி பாணியில் கண்ணை மூடிக்கொண்டு காஸ்ட் செய்துவிடும், அதாவது வேண்டிய வகைக்கு மாற்றிவிடும். இரண்டு அளவுருக்கள் வாங்க வேண்டிய ஃபங்ஷனை ஒன்றுமே வாங்காததாக எழுதியிருந்தேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை. சோதித்துப் பார்க்கும் டீபக் பில்டில் ஜோராக ஓடியது, வாடிக்கையாளரிடம் கொடுத்த ரிலீஸ் பில்டு விழுந்தது. இரண்டு இரவு போனது. 2002-இல் வந்த பதிப்பில் அந்தக் காஸ்ட்டைக் கடுமையாக்கி, தவறான ஃபங்ஷனைக் கம்பைலரே மறுக்கும்படி மாற்றினார்கள். எனக்குப் பயன்படும் காலத்தில் வரவில்லை.

செய்திகளின் பட்டியல் முன்கூட்டியே தெரியாத இடத்தில், பின்னால் ப்ளக்-இன் எழுதிச் சேர்ப்பார்கள் என்ற நிலையில், செய்தியைப் பதிந்துவைத்தே ஆகவேண்டும் என்ற தேவையில் இது நல்ல வழி. எல்லா வேலைக்கும் இதையே வைத்தால் ஸ்விட்ச் கம்பராமாயணம் அளவுக்கு நீளும்.

## கியூட்டி பாணி: கியூஆப்ஜெக்ட், சிக்னல், ஸ்லாட்

1995 முதல் இருக்கும் வழி. பேச விரும்பும் எல்லாக் கிளாஸும் கியூஆப்ஜெக்ட்டிலிருந்து பிறக்க வேண்டும். அனுப்புபவர் சிக்னலை அறிவிப்பார், யார் கேட்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. இணைப்பு வெளியே போடப்படும். 'மாக்' என்ற முன்கருவி ஹெடரைப் படித்து அதற்கான சி++ வரிகளை எழுதித் தரும்.

ஆயுள் விஷயத்தில் இதைப் பாராட்டியே ஆகவேண்டும். இரு முனைகளில் எது இறந்தாலும் இணைப்பு தானாக அறுந்துவிடும். திரெட்டுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் சொந்த ஊர் போல ஒரு சொந்தத் திரெட் உண்டு. சிக்னலை விடும் திரெட்டே பெறுபவரின் சொந்தத் திரெட்டாக இருந்தால் நேரடி அழைப்பு, வேறு என்றால் வரிசை வழியாக. 2012-இல் வந்த கியூட்டி 5-இலிருந்து ஃபங்ஷன் பாயிண்டர் (ஃபங்ஷனின் முகவரி) கொடுத்து இணைக்கலாம். வகை பொருந்தாவிட்டால் கம்பைலரே நிறுத்திவிடும். அதற்கு முன் எழுத்துச் சரமாகப் பெயர் கொடுக்க வேண்டும், ஒரு எழுத்துப் பிழை இருந்தால் ஓடும்போது கன்சோலில் ஒரு வரி எச்சரிக்கை மட்டும் வரும். அதை யார் பார்க்கிறார்கள்?

மறைமுகச் செலவுக்கு எங்கள் கதையையே சொல்கிறேன். "தம்பி, ஒரு மூட்டைக்கு மூணு சீட்டு வருது. ரெண்ட கிழிச்சுப் போட்டாலும் கணக்குல மூணு வரவு ஏறுதே." கடைக்காரர் பொறுமையானவர், அதனால் இந்த அளவில் விட்டார். விலை மாற்றும் ஜன்னலைத் திறக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே, பில் பொத்தானைப் பிரிண்டரோடு இணைக்கும் வரியும் இருந்தது. ஜன்னலை மூடினால் அது மறைந்ததே தவிர இறக்கவில்லை. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு புது இணைப்பு. அன்று முகூர்த்தம், விலையை மூன்று தடவை மாற்றியிருக்கிறார். ஒரே இணைப்பை இரண்டாம் முறை போடாதே என்று சொல்லும் 'யூனிக் கனெக்ஷன்' என்ற கொடி இருக்கிறது. ஆனால் நாங்கள் எழுதியது லாம்டா (பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதும் ஃபங்ஷன்), லாம்டாவுக்கு அந்தக் கொடி வேலை செய்யாது. இணைப்பை, ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஒரே முறை ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்கு நகர்த்தியதும் சரியானது.

லாம்டாவில் இன்னொரு பள்ளமும் உண்டு. யாருக்காக இந்த லாம்டா என்று ஒரு ஆப்ஜெக்ட்டைக் கூடவே கொடுக்காவிட்டால், அது அனுப்புபவர் இறக்கும்வரை உயிரோடு இருக்கும். உள்ளே பிடித்துவைத்த பாயிண்டர் முன்பே செத்திருந்தாலும் கூப்பிடும். மேலே 'தானாக அறும்' என்று பாராட்டியது இங்கே பொருந்தாது.

பரம்பரைச் சுமையும் லேசில்லை. கியூஆப்ஜெக்ட்டை நகலெடுக்க முடியாது. ஒரு கிளாஸ் இரண்டு கியூஆப்ஜெக்ட் வாரிசுகளிடமிருந்து பிறக்க முடியாது. டெம்ப்ளேட் கிளாஸில் (பல வகைகளுக்கும் பொருந்தும் அச்சு போன்ற கிளாஸ்) புது சிக்னல் அறிவிக்க முடியாது. வரிசை வழியாகப் போகும் அளவுருக்களின் வகை கியூட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நகல் கூடாது என்பது குறை மாதிரித் தெரிந்தாலும், நான் அதன் பக்கம்தான். செய்தி வாங்கும் ஆப்ஜெக்ட் ஓர் ஆள் மாதிரி. ஆளை ஜெராக்ஸ் எடுத்தால், அவருக்கு வர வேண்டிய கடிதம் இனி யாருக்குப் போகும்?

திரைக்கே கியூட்டி பயன்படுத்துகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். அதன் மேல் நம்முடைய செய்தி முறை ஒன்றைக் கட்டுவது வீண் வேலை.

## பேஸ் கிளாஸே இல்லாத டெம்ப்ளேட் சிக்னல்

சிக்னலை ஒரு மெம்பராக வைத்துக்கொள்வது. தராசு கிளாஸுக்குள் 'எடை மாறியது' என்று ஒரு சிக்னல் ஆப்ஜெக்ட், அதற்குள் கேட்பவர்களின் பட்டியல். அனுப்புபவரும் யாருக்கும் பிள்ளையாகப் பிறக்க வேண்டாம், கேட்பவரும் வேண்டாம். ஜிடிகேஎம்எம் என்ற திரை நூலகம் பயன்படுத்தும் லிப்சிக்சி++, பூஸ்ட் என்ற சி++ நூலகத் தொகுப்பில் 2009-இல் சேர்ந்த சிக்னல்ஸ்2 இரண்டும் இந்த வழி. முன்கருவி கிடையாது, வகைத் தவறைக் கம்பைலர் பிடிக்கும். (பிடித்துவிட்டு அது எழுதும் பிழைச் செய்தியைப் படிக்கத் தனித் தைரியம் வேண்டும்.)

பேஸ் கிளாஸ் கட்டாயம் இல்லை என்பதன் மதிப்பை உணர ஜாவாவின் அப்சர்வபிளைப் (தன் மாற்றத்தைக் கவனிப்பவர்களுக்கு அறிவிக்கும் ஆப்ஜெக்ட்) பாருங்கள். அதை இன்டர்ஃபேஸாக வைக்காமல் கிளாஸாக வைத்தார்கள். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே பெற்றோர்தான். ஏற்கெனவே ஒரு பெற்றோர் இருந்தால் அப்சர்வபிள் ஆக முடியாது. 2017-இல் ஜாவா 9 அதைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது. இது மட்டுமே காரணமில்லை, ஆனால் பேஸ் கிளாஸ் வடிவமைப்பவர்கள் தலைமாட்டில் ஒட்டிவைக்க வேண்டிய உதாரணம்.

செலவு ஆயுளில்தான். இணைக்கும்போது அந்த இணைப்புக்கு அடையாளமாகக் கிடைக்கும் டோக்கனைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், டோக்கன் சாகும்போது இணைப்பும் அறும். வைக்க மறந்தால், அறவே அறாது. சிக்னல்ஸ்2-இல் கேட்பவரை வீக் பாயிண்டராக (ஆளைப் பிடித்துவைக்காமல், இருக்கிறாரா என்று மட்டும் காட்டும் குறி) பின்தொடரச் சொல்லலாம். அழைப்பு நடக்கும் நேரத்தில் அவர் சாகாமல் அது தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே நேரத்தில் மற்ற எல்லோரும் கையை விட்டுவிட்டால், கடைசிப் பிடி அனுப்புபவர் கையில். அவர் விடும்போது டெஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) அவருடைய திரெட்டில் ஓடும். திரை ஜன்னல் ஒன்று தராசு திரெட்டில் செத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரே திரெட்டில் ஓடும் நிரலுக்கும், பிறர் பயன்படுத்தப்போகும் நூலகத்துக்கும் இதுவே என் முதல் தேர்வு.

## நடுவில் ஒரு பஸ்

பஸ் என்றதும் மாட்டுத்தாவணி ஸ்டாண்டு ஞாபகம் வந்தால் தப்பில்லை. கண்டக்டர் "திருநெல்வேலி, திருநெல்வேலி" என்று கூவுவார். எல்லோர் காதிலும் விழும், போக வேண்டியவர் ஏறுவார். யார் ஏறுவார் என்று கண்டக்டருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நிரலில் பஸ் என்பதும் இப்படித்தான்: செய்தி நடுவில் ஒரு பொது இடத்துக்கு வரும், அங்கே பதிந்துகொண்டவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு கிளாஸுகளுக்கும் ஒன்றை ஒன்று தெரியவே கூடாது என்ற இடத்தில் இது அழகு. 'மின்சாரம் போய்விட்டது, யுபிஎஸ்ஸில் ஓடுகிறோம்' என்பது போன்ற பொதுச் செய்திக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் வசதியே வினை. முதல் மாதம் நான்கு செய்திகள், ஆறாம் மாதம் நாற்பது. யாரும் கேட்காத செய்தி ஓடிக்கொண்டிருக்கும், யாரும் அனுப்பாத செய்திக்கு ஒருவர் காத்திருப்பார். தடம் என்ற அளவுகோலில் இது கடைசி இடம். ஆப்பிளின் பஸ்ஸான என்எஸ்நோட்டிஃபிகேஷன்சென்டரில் பல வருடம், பதிவை நீக்காமல் செத்துப்போன ஆப்ஜெக்ட்டுக்கு அறிவிப்பு போய் ஆப் விழுந்துகொண்டிருந்தது. ஐஓஎஸ் 9-இல்தான் அந்த வகைப் பதிவுக்குப் பாதுகாப்பு வந்தது.

பஸ் ஒன்று இருக்கட்டும். பில் அதில் போகக் கூடாது.

## ஆளுக்கொரு தபால்பெட்டி

ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் சொந்தமாக ஒரு வரிசை. வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழைய முடியாது, பெட்டியில் கடிதம் மட்டும் போடலாம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். 1973-இல் கார்ல் ஹெவிட்டும் கூட்டாளிகளும் முன்வைத்த ஆக்டர் மாடல் இது. எரிக்சனில் 1986-இல் தொடங்கிய எர்லாங் மொழி இதன்மேல்தான் நிற்கிறது. பிஓஎஸ்ஸில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித் திரெட், தனி வரிசை.

ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் தரவைத் தொடும்படி பூட்டும் லாக் என்ற தொல்லை பெரும்பாலும் போய்விடும், திரெட் கேள்விக்கு மிகச் சுத்தமான பதில். ஆனால் 'விலை என்ன?' என்று கேட்டுப் பதில் வாங்குவது கூட இரண்டு கடிதமாகிறது. கேட்டதற்கும் பதில் வருவதற்கும் நடுவில் உலகம் மாறியிருக்கும். பதில் வரும்வரை நின்று காத்திருக்கிறேன் என்றால், இரண்டு பேர் ஒருவர் பதிலுக்கு ஒருவர் காத்துக்கொண்டு அப்படியே உறைந்துபோகும் வழியைத் திறந்துவிடுகிறோம். விண்டோஸில் திரெட் தாண்டி, பதில் வரும்வரை நிற்கும் சென்ட்மெசேஜ் போட்டவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்.

எங்களைக் கடித்தது வேறு. பிரிண்டரில் காகிதம் சிக்கியது. அதைக் காத்துக்கொண்டு திரை திரெட் எட்டு நொடி நின்றது. தராசு நிற்கவில்லை, நூறு எடைகள் பெட்டியில் குவிந்தன. காகிதத்தை எடுத்ததும் திரை விழித்து, பழைய எடைகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டியது. தராசில் புது மூட்டை, திரையில் பழைய மூட்டையின் எடை. அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கியிருந்தால், ஒரு விவசாயியின் மல்லிகை இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கும்.

செய்தியில் இரண்டு சாதி இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. எடை என்பது நிலை: கடைசியாக வந்தது மட்டும் போதும், பழையதை எறிந்துவிடலாம். பில் என்பது நிகழ்வு: ஒன்றுகூடத் தொலையக் கூடாது, ஒன்றுகூட இரண்டாகக் கூடாது. இரண்டையும் ஒரே வரிசையில் போட்டது எங்கள் தவறு. விண்டோஸ் இதை எப்போதோ பிரித்துவைத்திருக்கிறது: 'ஜன்னலை வரை' என்ற செய்தியை எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றாகச் சேர்த்துவிடும். காத்திருக்காமல் போட்டுவிட்டுப் போகும் போஸ்ட்மெசேஜின் வரிசைக்கோ வழக்கமாக 10,000 என்ற எல்லை, அதற்கு மேல் வாங்காது. உங்கள் வரிசைக்கு எல்லை என்ன, நிரம்பினால் என்ன செய்வீர்கள் என்பதை எழுதிவைக்காமல் தபால்பெட்டி முறையைத் தொடாதீர்கள்.

(ஸ்மால்டாக் மொழியை விட்டுவிட்டேனே என்பவர்களுக்கு: அங்கே ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புமே செய்திதான், புரியாத செய்திக்கு 'டஸ் நாட் அண்டர்ஸ்டாண்ட்' என்று ஒரு பதில் வழியும் உண்டு. ஆப்ஜெக்ட்டைவிடச் செய்திதான் பெரிய விஷயம் என்று அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலன் கே பின்னாளில் வருத்தப்பட்டது பிரசித்தம். மொழியே அதைத் தரும்போது பேஸ் கிளாஸ் கேள்வி எழுவதில்லை. சி++ காரர்களுக்கு அந்தச் சொகுசு கிடையாது.)

## நாங்கள் எடுத்த முடிவு

இரண்டு தம்பிகளும் பேஸ் கிளாஸுக்குள் செய்தியை வைக்கத்தான் சண்டை போட்டார்கள். நாங்கள் செய்தியை வெளியே விட்டோம். சிக்னல்கள் டெம்ப்ளேட் மெம்பர்கள். பேஸ் கிளாஸில் இருப்பது நான்கு: தடம் பார்க்க ஒரு பெயர், சொந்தத் திரெட்டின் வரிசை எது என்ற குறிப்பு, 'உயிரோடு இருக்கிறேன்' என்பதற்கு ஒரு டோக்கன், தான் போட்ட இணைப்புகளின் கட்டு. எடை, விலை, பில் எதுவும் அதற்குத் தெரியாது. நகல் தடை.

வரிசையில் போடும் ஒவ்வொரு செய்தியோடும் பெறுபவரின் டோக்கன் வீக் பாயிண்டராகப் போகும். பெறுபவரின் சொந்தத் திரெட்டில், எடுத்து இயக்கும் நொடியில், டோக்கன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறோம். அனுப்புபவர் பக்கத்திலேயே பார்த்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். பார்ப்பதற்கும் போய்ச் சேர்வதற்கும் நடுவில் ஆள் போய்விடலாமே. அதனால் இரண்டு விதிகள் சேர்ந்தே இருக்க வேண்டும்: இயக்குவதும் சொந்தத் திரெட்டில், அழிப்பதும் சொந்தத் திரெட்டில். அப்போதுதான் பார்ப்பதற்கும் இயக்குவதற்கும் நடுவில் யாரும் சாக முடியாது.

இணைப்புகளை பேஸ் கிளாஸ் டெஸ்ட்ரக்டர் அறுத்துவிடும், நிம்மதி என்று முதலில் நினைத்தோம். சி++ அப்படி விடாது. கட்டும்போது அஸ்திவாரம் முதலில், இடிக்கும்போது மாடி முதலில். பிள்ளை கிளாஸின் டெஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே பேஸ் கிளாஸுக்கு முறை வரும். மாடி இடிந்துகொண்டிருக்கிறது, கீழ்வாசல் இன்னும் திறந்திருக்கிறது, தபால்காரர் மாடிப்படி ஏறுகிறார். மேலே சொன்ன இரண்டு விதிகள் வேறு திரெட்டிலிருந்து வரும் தபால்காரரைத் தடுக்கும். ஆனால் அதே திரெட்டில், டெஸ்ட்ரக்டருக்குள் நாமே ஒரு மெம்பரை அழிக்கப்போய், அது சாகும்போது கடைசியாக ஒரு சிக்னல் விட்டால்? அதற்காக 'மூடு' என்று ஒரு படி வைத்தோம்: டோக்கனைக் கொன்று, இணைப்புகளை அறுத்துவிட்டு, அதன்பிறகே அழிப்பு. 'மூடு' சொல்லாமல் டெஸ்ட்ரக்டருக்கு வந்தால் டீபக் பில்டு நின்று கத்தும்.

எடைக்கு வரிசை கிடையாது, ஒரே ஒரு இடமுள்ள பெட்டி. புதியது வந்தால் பழையது போகும். பில்லுக்கு வரிசை உண்டு, ஒவ்வொரு பில்லும் கோப்பிலும் பதியும், அதாவது ஆண்ட்ராய்டுத் தம்பி கேட்ட 'செய்தியே ஒரு பொருள்' முறை அங்கே மட்டும் வந்தது. பொத்தானை அமுக்கிய நொடியில் திரையில் இருந்த எடை பில் செய்திக்குள்ளேயே நகலாகப் போகிறது. பின்னால் தராசிடம் மறுபடி கேட்பதில்லை. பொதுச் செய்திக்குச் சின்னதாக ஒரு பஸ், அதில் இன்றுவரை ஐந்தே செய்திகள். ஆறாவதைச் சேர்க்க என்னிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

## ஏற்கெனவே ஒரே வாசல் வைத்து ஓட்டுபவர்களுக்கு

முழுதாக இடித்துக் கட்ட வேண்டாம். பழைய ஹேண்டில்மெசேஜ் அப்படியே இருக்கட்டும். அதன் ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் இருக்கும் வேலையை வகையுள்ள ஒரு சிக்னலாக மாற்றி அங்கிருந்து விடுங்கள்; புதிதாக எழுதுபவர்கள் சிக்னலை மட்டும் கேட்கட்டும். திரெட் தாண்டும் செய்திகளை முதலில் எடுங்கள், ஒரே திரெட்டுக்குள் ஓடுபவை அடுத்த வருடம்கூட மாறலாம். 'உயிரோடு இருக்கிறேன்' டோக்கனை மட்டும் முதல் நாளே பேஸ் கிளாஸில் சேர்த்துவிடுங்கள். எங்களுக்கு அது ஒரு மதியத்து வேலையாக இருந்தது.